அக்கா வீட்டு மூத்தாள்

பெம்பானிலிருந்து பெண் பார்க்க வந்த அஞ்சலையம்மாள் கேசரியை ஒரு வாய் போட்டார். இரண்டாவது வாய்க்குக் கரண்டியைத் தூக்கியவர் அதைப் பாதியில் நிறுத்திச் சுவரைக் காட்டினார்.

"அந்த வெள்ளைக்காரம்மாதான் உங்க மூத்தாளா?"



மூத்தாள் என்றால் முதல் தாரம். அதுவும் செத்துப்போன முதல் தாரம். அவர் காட்டிய சுவரில் மூன்று படங்கள். என் அக்காவின் மாமனார், மாமியார், அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. இழுத்துக் கட்டிய கொண்டை. நெற்றியில் வெள்ளிக்காசு அகலத்துக்குக் குங்குமம். மூன்று படத்துக்கும் ஒரே நீளத்தில் மல்லிகைச் சரம்.

நான் தேநீர்த் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றேன்.   

மாமாவைப் பார்த்தேன். அக்கா பாக்கியத்தின் வீட்டுக்காரர், சங்கத்து ரெங்கசாமி. தோட்டத்துத் துரை கேட்ட கேள்விக்கெல்லாம் நிமிர்ந்து நின்று பதில் சொன்னவர் என்று மலாக்காவில் ஜாசின் வட்டாரம் முழுக்கப் பேர். அந்த மனுஷன் அன்றைக்குத் தன் கால் கட்டைவிரலை, அப்போதுதான் கடையில் வாங்கி வந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் நிலைமை அப்படி. 'இல்லை' என்றால், 'பின்னே யாரு?' என்று அடுத்த கேள்வி வரும். உண்மையைச் சொல்லப்போனால் 'கம்யூனிஸ்ட்' என்ற சொல்லை அந்தக் கூடத்தில் சொல்லியாக வேண்டும். அஞ்சலையம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரரோ போலீஸில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை அரசாங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த நாளில் அந்தச் சொல்லைப் பாசாரில் மீன் வாங்குகிற இரைச்சலில்கூட யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

'ஆமாம்' என்றால் பொய். போதாததற்கு, 'ரெண்டாந்தாரத்துப் பொண்ணு' என்று என் அக்கா மகள் செல்வியின் தலையில் ஒரு பேர் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

செல்வியோ அறைக்கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டினால் அந்தப் பையனைத்தான் கட்டுவேன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். செங் ஊர்த் தொழிற்சாலைக்கு அவளும் டவுன் ஆபீஸுக்கு அவனுமாகப் போன பஸ்ஸில் ஆரம்பித்த விஷயம் அது. பெரியவர்களாகப் பார்த்துப் பேசுவதுபோல் நாங்கள்தான் நடித்துக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று போன வாரம் செல்வியைக் கேட்டேன். இப்போது அவள் பேரன் எடுத்துவிட்டாள். "எழுது சித்தி, இனிமேலா வந்து புடிக்கப்போறாங்க?" என்றாள். யாரைக் கட்டிப் பேரன் எடுத்தாள் என்று இப்போதே கேட்காதீர்கள்.

மாமாவை அப்படியே நிற்கவைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம். அவர் நிற்பார். பழக்கம் உண்டு.

ஒரு டிரெஸரும் ஒரு படமும்

புக்கிட் ரம்பாயில் வீடு வாங்கி வருவதற்கு முன்னால் மாமா ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பால் இறக்கினார். வாலிபத்திலேயே சங்கம், கூட்டம் என்று அலைந்தவர். "சுருக்கமாச் சொல்றேன்" என்று அவர் எழுந்தால், பெண்கள் தங்கள் லயத்து வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருவார்களாம். சோறு வடிக்கிற நேரம் எப்போது என்பது அவர் தொண்டை கட்டுவதை வைத்துத் தெரியும் என்பாள் அக்கா.

அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸராக ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். வெள்ளைக் கால்சட்டை, மடிப்புக் கலையாத சட்டை. பகல் முழுக்கத் துரைக்கு 'எஸ் சார்' போடுவார். சாயங்காலமானால் மாமாவைத் தன் வீட்டுக்குள் உட்காரவைத்து, உலகத்துத் தொழிலாளர் போராட்டங்களையெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வார். இந்தப் படம் தொங்கியது அவர் வீட்டுச் சுவரில்தான். சிங்கப்பூரில் படிக்கிற காலத்தில் யாரோ ஒரு கப்பல்காரர் கொடுத்தாராம்.

கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் வந்தது. லயம் லயமாகப் போலீஸ் ஏறத் தொடங்கியது. டிரெஸர் ஐயா ஒருநாள் படத்தைக் கோணிச்சாக்கில் சுற்றிக்கொண்டு மாமாவைத் தேடி வந்தார்.

"தம்பி, இது என்ர சுவரில கிடந்தால் என்ர வேலை போகும்."

"என் செவுத்துல கெடந்தா என் உசுரு போயிடுமே ஐயா!"

"உன்ர சுவரை ஆர் வந்து பாக்கப்போகினம்?"

படித்தவர்கள் கணக்கு எப்போதும் இப்படித்தான் சுத்தமாக இருக்கும். மாமாவும் வாங்கிக்கொண்டார். டிரெஸர் ஐயா கொஞ்ச நாளில் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறிவிட்டார்.

யாரும் பார்க்க வரமாட்டார்கள் என்று அவர் சொன்ன வாய் முகூர்த்தம், வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. மாமாவுக்கு என்ன தோன்றியதோ, சாமி மாடத்துக் குங்குமத்தில் விரலைத் தொட்டு அந்த அம்மாவின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். வேலியில் பறித்த செம்பருத்தி ஒன்றைப் படத்தின் தலையில் செருகினார். உள்ளே வந்த போலீஸ்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"செத்துப்போனவங்களா?"

"ஆமாங்க."

போலீஸ்காரர் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"நான் பொய்யே சொன்னதில்ல" என்று மாமா சாகும்வரை பெருமையடித்தார். யோசித்துப் பார்த்தால் இதுவும் பொய்யில்லை. செத்துப்போனவர்தானே!

கருகிய ரொட்டி

அக்கா கல்யாணமாகி வந்த முதல் தீபாவளி. தீபாவளிக்கு முதல்நாள் செத்தவர்களுக்குப் படைக்காமல் நம் ஊரில் யார் வீட்டில் பலகாரத்தில் கை வைப்பார்கள்? மாமனாருக்குச் சுருட்டும் ஸ்டவுட் பீரும், மாமியாருக்கு நெத்திலிச் சம்பலும் ஆட்டுக்கறியும் என்று இலையில் எடுத்து வைத்த அக்கா, மூன்றாவது படத்தைக் காட்டிக் கேட்டாளாம்.

"இந்தம்மாவுக்கு என்னா புடிக்கும்?"

மாமா கடவுள் இல்லை என்கிற கட்சி. படையல் இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற கட்சியும் அவர்தான். இரண்டு கட்சிக்கும் சந்தா கட்டியவர்.

"அவங்களுக்கு இதுலல்லாம் நம்பிக்கை கெடையாது, பாக்கியம்."

"நம்பிக்கை இல்லாட்டி பசிக்காதா?"

மாமா யோசித்தார். "பன்னிக்கறி மட்டும் வைக்காத."

"பாய் வீட்டுப் பொண்ணா?"

"இல்ல. யூதர்."

"அது என்னா சாதி?"

"சாதி இல்ல. ஒரு சனம். எந்த ஊருலயும் இருக்கவிடாம வெரட்டுன சனம்."

"அப்ப நம்மள மாதிரி கப்பலேறுன சனந்தான். சரி, வேற என்னா சாப்புடுவாங்க?"

"ஜெயில்ல கறுப்பு ரொட்டியும் முட்டைக்கோஸ் தண்ணியும் குடுத்தாங்களாம்."

அக்கா சைக்கிள் ரொட்டிக்காரரிடம் வாங்கிய வெள்ளை ரொட்டியை அடுப்பு நெருப்பில் காட்டி, அடையாளம் தெரியாமல் கறுக்கும்வரை கருக்கினாள். முட்டைக்கோஸில் ஒரு ரசம் வைத்தாள். இரண்டும் மூன்றாவது இலைக்குப் போயின. வருஷா வருஷம் அதே கருகல் வாசனைதான் அந்த வீட்டில் தீபாவளி வாசனை.

அந்த நாடுகளில் ரொட்டி மாவே கறுப்பாக இருக்கும் என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "இத்தன வருசமா கருகுனதத் தின்னு பழகிட்டாங்க. இப்பப் போயி மாத்தச் சொல்ற" என்று என்னை விரட்டிவிட்டாள்.

மிரியம்

அதுதான் அந்த அம்மாவின் பேர். அவர் கதையை மாமா சொல்லாத நாள் கிடையாது. செல்வி சோற்றுத் தட்டைத் தள்ளினால், மிரியம் சிறையில் பட்டினி கிடந்த கதை. பஸ் வரவில்லையென்றால், மிரியம் பனியில் நடந்த கதை. எனக்குப் பல்வலி வந்தபோது மிரியத்துக்குப் பல்வலி வந்த கதை ஒன்று வெளிவந்தது. அதில் மட்டும் எனக்குச் சந்தேகம். அந்த வாரம் தயாரித்ததாக இருக்கலாம்.

துண்டு துண்டாகக் கேட்டதை ஒட்டுப்போட்டுச் சொல்கிறேன்.

போலந்தில் துணி மில்கள் நிறைந்த ஓர் ஊர். போன நூற்றாண்டு பிறக்கிற சமயம். ஊர் அப்போது ரஷ்ய ராஜாவின் கைக்குள் இருந்தது. மிரியத்தின் அப்பா தையல்காரர். வீட்டில் பேச ஒரு பாஷை, மில்லில் பேச ஒரு பாஷை, போலீஸிடம் திட்டு வாங்க ஒரு பாஷை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அம்மா மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணைப் பொத்திக்கொண்டு கும்பிடுவார். இந்த இடம் வந்ததும் அக்கா குறுக்கே விழுவாள். "நம்மளும் வெள்ளிக்கிழமதான் வெளக்கு வைக்கிறோம்!" ஏதோ சொந்தக்காரர் அகப்பட்ட மாதிரி.

பாவாடை மண்ணில் புரளுகிற வயதிலேயே மிரியம் மில்லுக்குப் போனார். பஞ்சுத் தூசி தலைமுடியில் வெள்ளையாக உட்கார்ந்திருக்குமாம். சாப்பாட்டு நேரத்தில் தானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தார். கூட வேலை செய்த பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒருநாள், ஆண்களுக்கு ஒரு கூலி, பெண்களுக்கு ஒரு கூலி எதற்கு என்று கேட்டார். மில் நின்றது. குதிரைப் படை வந்தது. மிரியம் சிறைக்குப் போனார். பிறகு பனி மட்டுமே விளைகிற ஒரு சீமைக்கு நாடு கடத்தினார்கள். வைக்கோல் வண்டிக்குள் படுத்துத் தப்பி வந்தார்.

அப்புறம் நாடு நாடாக அலைச்சல். தெருமுனையில் பெட்டிமேல் ஏறி நின்று பேச்சு. கோயிலை விட்டுவிட்டாள் என்று சொந்த சனம் திட்டியது. யூதச்சி என்று வெளியார் திட்டினார்கள். பொம்பளைக்கு ஏன் இந்த வேலை என்று சங்கத்து ஆண்களே சொன்னார்கள்.

"உள்ளயும் திட்டு, வெளியிலயும் திட்டு" என்று மாமா பெருமூச்சு விடுவார்.

"அப்ப உங்கள மாதிரிதான்" என்று அக்கா பீன்ஸ் நறுக்குவாள்.

ரஷ்யாவில் ராஜா போய்த் தொழிலாளர் ஆட்சி வந்தது என்று கேட்டதும் மிரியம் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார். இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நம்பிப் போனார். இதுவரைக்கும் மாமா கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். "அப்புறம்?" என்று கேட்டால் குரல் இறங்கிவிடும். "அப்புறம் என்னா, குளிரு, காய்ச்சலு. போயிட்டாங்க." சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். எந்தக் கதையையும் நீட்டுகிற மனுஷன் இதை மட்டும் ஏன் இப்படி வெட்டி எறிகிறார் என்று யாரும் கேட்டதில்லை. நீளாமல் முடிந்தால் சரி என்று நாங்களும் எழுந்துவிடுவோம்.

ஒரு சேலை கூடுதல்

இரண்டாந்தாரமாக வந்தவள் தீபாவளிக்கு மூத்தாளுக்கு ஒரு சேலை வைத்துக் கும்பிட்டுவிட்டு, பிறகு அதைத் தானே உடுத்துவாள். இது நம் சனத்தில் பழகிய வழக்கம். லயத்துப் பெண்கள் மாமா வீட்டுப் படத்தைப் பார்த்தார்கள். நெற்றிப் பொட்டைப் பார்த்தார்கள். மாமா அதன்முன் நிற்கிற நிற்பையும் பார்த்தார்கள். முடிவுகட்டிவிட்டார்கள். ரெங்கசாமிக்கு முதல் தாரம் ஒரு வெள்ளைக்காரி.

எங்கிருந்து வந்தாள்? துரை வீட்டுக்கு விருந்தாட வந்தவளாம். ரெங்கசாமியின் பேச்சைக் கேட்டு மயங்கிவிட்டாளாம். மாமாவின் பேச்சை முழுதாகக் கேட்டவர்கள் யாரும் இதை நம்பியிருக்க மாட்டார்கள்.

"பாக்கியம், மூத்தாளுக்குச் சேலை வைக்கலையாடி?" என்று கேட்டார்கள். அக்கா என்ன சொல்வாள்? இல்லையென்றால் யார் என்று சொல்ல வேண்டும். சேலையே வைத்துவிட்டாள்.

"ஏய், அவங்க எவ்ளோ பெரிய தலைவரு! மூத்தாளு கீத்தாளுன்னுக்கிட்டு!" என்று மாமா குதித்தார்.

"தலைவருன்னா துணி உடுத்த மாட்டாங்களா? தையக்காரர் மவளுக்கு ஒரு சேலை எடுக்க வலிக்குதா?"

மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருந்த மைதீன் பாய், அக்காவைப் பார்த்ததுமே கேட்பார். "தங்கச்சி, மூத்தாளுக்கு இந்த வருசம் என்னா கலரு?"

"அவங்க நெறத்துக்கு எடுப்பா குடுங்க பாய்."

"வெள்ளத்தோலுக்கு நீலம் அள்ளும்லா!"

அந்த நீலம் என் அக்காவுக்குத்தான் அள்ளியது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுக்கு இரண்டு புதுச் சேலை. முதல் தாரமாக வாழ்க்கைப்பட்ட எனக்கு ஒன்றே ஒன்று. மாமாவிடம் போய், "எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு தலைவியப் பாத்துக் குடுங்க மாமா" என்று கேட்டிருக்கிறேன். மச்சினி என்பதால் ஒன்றும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொள்வார்.

இப்படி விளையாட்டாகவே போய்க்கொண்டிருந்தது. லயத்துப் பேச்சு மெல்ல நடந்து நடந்து பெம்பான்வரைக்கும் போய்ச் சேரும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

கேசரி ஆறிப்போனது

கூடத்துக்குத் திரும்புவோம்.

அஞ்சலையம்மாள் கரண்டியைத் தட்டில் வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. ரெண்டாந்தாரம் ஊரு ஒலகத்துல இல்லாததா? ஆனா மூத்தாளு எப்படிப் போனாங்கன்னு தெரியணும்லா. மனசு நொந்து தானாப் போயிருந்தா, அந்தக் கண்ணீரு எளையவ பொண்ணத்தான் சுத்தும். எனக்கு இருக்குறது ஒரே மவன்."

வம்புக்குக் கேட்டவர் இல்லை. பயந்து கேட்டார். அதனால்தான் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை.

மாமா வாயைத் திறந்தார். "அவங்க வந்தும்மா..." சார்ஜன் ஐயாவைப் பார்த்தார். அவர் சாய்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தார். மாமா வாயை மூடிக்கொண்டார்.

'யாரோ தெரியாதவங்க, சும்மா மாட்டி வச்சிருக்கேன்' என்று சொல்லியிருக்கலாம். முதல்நாள் இரவே நான் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். படத்தை இரண்டு நாளைக்குக் கழற்றி வைக்கச் சொல்லியும் பார்த்தேன். மாட்டேன் என்றுவிட்டார். "போலீஸு வந்தப்பவே கழட்டல. இப்பப் பொண்ணு பாக்க வர்றாங்கன்னு கழட்டுறதா?" என்று கேட்ட வீரர், இப்போது விரலைப் பார்க்கிறார்.

அக்கா வந்தாள். என் கையிலிருந்த தட்டை வாங்கி, ஆளுக்கொரு கப்பாகக் கொடுத்தாள். அஞ்சலையம்மாளுக்குக் கொடுக்கும்போது, அரிசி விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"மூத்தாளுதாங்கக்கா. நான் வர்றதுக்கு முந்தியே இவரு மனசுல இருந்தவங்க. நான் பாத்ததில்ல. நீங்களே சொல்லுங்க, கேக்குறாங்கல்ல."

கடைசி வாக்கியம் மாமாவுக்கு. அக்கா சொன்னதில் பொய் எங்கே என்று நான் இன்றுவரை தேடுகிறேன். கிடைக்கவில்லை.

மாமா அவளையே பார்த்தார். பிறகு, 'சுருக்கமாச் சொல்றேன்' என்று சொல்லாமல் முதல் தடவையாகச் சுருக்கமாகச் சொன்னார்.

"ஏழ வீட்டுப் பொண்ணும்மா. அப்பாரு தையக்காரரு. சின்ன வயசுலயே மில்லு வேல. பொம்பளைங்களுக்குக் கூலியக் கொறச்சாங்க, இவங்க முன்னால நின்னு கேட்டாங்க. புடிச்சு உள்ள போட்டுட்டாங்க."

"கூலி கேட்டதுக்கா ஜெயிலு?" அஞ்சலையம்மாள் நெஞ்சில் கை வைத்தார். அவரும் பால்மரம் வெட்டியவர்தான். "புள்ளக்குட்டி?"

"இல்லம்மா."

"உங்ககூட எத்தினி வருசம் இருந்தாங்க?"

"இன்னும் இருக்காங்கம்மா."

 அஞ்சலையம்மாள் குரலை இறக்கி, கேட்க வந்ததைக் கேட்டார். "எப்படிப் போனாங்க?"

குளிரு, காய்ச்சலு. எனக்கே பாடம். மாமா சட்டையைத் தேட வேண்டிய இடம் இது. அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"காய்ச்சலுன்னுதான் உங்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன், பாக்கியம். அது இல்ல."

அக்கா கையிலிருந்த தட்டு அசையாமல் நின்றது.

"எதிரிங்க செஞ்சிருந்தா மேடை போட்டுச் சொல்லியிருப்பேன். சொந்த ஆளுங்கம்மா. யாருக்காக ஜெயிலுக்குப் போனாங்களோ, எந்த ஆளுங்க நம்மள வாழவைப்பாங்கன்னு மூட்டையக் கட்டிக்கிட்டுப் போனாங்களோ, அவங்களே. துரோகின்னு சொல்லி வீட்டுலேருந்து கூட்டிட்டுப் போனாங்க. ஒரு தப்பும் செய்யலம்மா. கொன்னுட்டாங்க. எங்க பொதச்சாங்கன்னுகூட யாருக்கும் தெரியல. டிரெஸரையா அப்பவே எங்கிட்ட இதச் சொல்லிட்டாரு. கேட்டதுக்கப்புறம் படத்தக் கழட்ட மனசு வரல. அவங்களுக்கு யாரும்மா இருக்கா?"

 தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இத்தனை வருஷம் கருகிய ரொட்டிக்கு முன்னால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நாங்கள் கேலி செய்திருக்கிறோம். பெண்டாட்டி செத்தவன் மாதிரி நிற்கிறாரே என்று நானே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவர் அப்படித்தான் அழுதார்.

அஞ்சலையம்மாள் எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"தானாப் போகல. தப்புப் பண்ணாத பொண்ண அநியாயமாக் கொன்னிருக்காங்க." திரும்பினார். "அப்ப இது தெய்வம்லா! தெய்வத்த வீட்டுல வச்சுக்கிட்டு, கேட்டா கால் வெரலப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, என்னாண்ணே நீங்க!"

கற்பூரம் கேட்டார். அக்கா ஓடிப்போய் எடுத்து வந்தாள். கடவுளே இல்லை என்று பெட்டிமேல் ஏறி நின்று பேசிய மிரியத்துக்குப் பெம்பான் அம்மாள் சுற்றிச் சுற்றிக் கற்பூரம் காட்டினார். மாமா துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கு இதுலல்லாம்..." என்று ஆரம்பித்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

அஞ்சலையம்மாளுக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. "பரிசம் போடுற அன்னிக்கு மொதத் தாம்பூலம் இவங்களுக்குத்தான். கல்யாணப் பத்திரிகையில மொதப் பேரும் இவங்க பேருதான். 'தெய்வத்திரு'ன்னு போட்டு, பெரிய எழுத்துல போடணும். பேரு என்னாண்ணே?"

"மிரியம்" என்றார் மாமா. அந்தப் பேரை மாற்றிச் சொல்ல அவருக்கு வராது.

 அதுவரை ஒரு சொல்லும் பேசாத சார்ஜன் ஐயா, சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

படத்துக்கு அருகில் போனார். கோட்டைப் பார்த்தார். கொண்டையைப் பார்த்தார். நெற்றிக் குங்குமத்தைக் குனிந்து பார்த்தார். கற்பூரம் எரிந்து முடிகிறவரைக்கும் பார்த்தார்.

"அவசரகாலத்துல எனக்கு ஜாசின் பக்கந்தான் டியூட்டி" என்றார், படத்திடம் சொல்வதுபோல். "லயத்து வீடு ஒண்ணு விடாம ஏறி எறங்கியிருக்கோம். செவுத்துல இருந்த படத்தையெல்லாம் லாரியில ஏத்திட்டுப் போனோம்."

 மாமாவின் முகத்தில் கண்ணீர் அப்படியே நின்றது.

"எல்லாம் ஆம்பளைங்க படம். பொம்பளையும் இதுல இருப்பாங்கன்னு எங்க பெரிய ஐயாவுக்குத் தோணவே இல்ல."

கண்ணாடியைக் கழற்றினார். கற்பூரத் தட்டிலிருந்த திருநீற்றில் ஒரு கிள்ளு எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"அஞ்சல, பொண்ணக் கூப்புடு. பாத்துட்டுக் கெளம்புவோம். வந்த வேல அதுதானே."

அஞ்சலையம்மாள் செல்வி இருந்த அறைப்பக்கம் திரும்பினார். சார்ஜன் ஐயா மாமாவுக்கு அருகில் வந்தார். தோளில் கை வைத்தார். அவருக்கும் அடுப்படி வாசலில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"படையல் போடுங்க, சேலை வைங்க, கும்புடுங்க. பத்திரிகையில மட்டும் அந்தப் பேரப் போட வேணாம், சம்பந்தி."